திங்கள் காலை வரைக்கும் பவுன்

"ஃப்ரீசர்ல மட்டும் வச்சிராதீங்கம்மா. உறைஞ்சு போச்சுன்னா அறுத்துப் பார்த்தும் ஒண்ணும் சரியாத் தெரியாது. ஐஸ் போட்டு வைங்க, போதும்."

"உருகிருது சார்."

"உருக உருகப் போடுங்க. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, நான் என்ன செய்ய? நாளைக்குக் காலையில ஸ்டேஷன் லெட்டரோட கொண்டுவாங்க. முத ஆளாப் பார்த்துத் தாரேன்."

"சாயங்காலம் வீட்டுக்கு ஆளுங்க வாராங்க சார். செபத்துக்கு."

"யாரும் எடுத்துட்டுப் போயிறாம பாத்துக்கங்க. உடம்பு இல்லேன்னா கேஸ் இல்ல," என்று சொல்லிவிட்டுக் கால்நடை மருத்துவர் போனை வைத்தார்.

அவர் உடம்பு என்றது எங்கள் நாய் பவுனை. குளியலறையில், மீன்கடையில் வாங்கிய தெர்மாகோல் பெட்டிக்குள், கால்களை மடக்கிக் கிடந்தது. ஐஸ் பட்டு அதன் மீசை முடிகள் விறைத்திருந்தன. மழையில் நனைந்து வந்து தூங்குவது போலத்தான் இருந்தது. வாயோரத்து நுரை மட்டும் அப்படி இல்லை.

நேற்று மாலை மாடியில் துணி எடுக்கும்போது பார்த்தேன். எங்கள் ஹவுஸ் ஓனர் மரியராஜ் கோழிக்கழிவின் மேல் ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டிப் பிசைந்தார். உப்பு என்றுதான் நினைத்தேன். அவருடைய நாட்டுக்கோழிகளில் ஒன்றைத் தெருநாய் கவ்விப்போன கோபம் அவருக்கு ஒரு வாரமாகவே இருந்தது. தெருநாய்களுக்கு வீசி எறிந்தார். பவுனை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அது வாலை ஆட்டிக்கொண்டே போய் அவர் கையிலிருந்து தின்றது.

விடிவதற்குள் எல்லாம் செத்துவிட்டன. தெருநாய்களை மாநகராட்சி வண்டி அள்ளிப்போய்விட்டது. மிஞ்சிய உடம்பு பவுனுடையது மட்டும்தான்.

அம்மா பூசைக்குப் போயிருந்த நேரத்தில் நான் ஸ்டேஷனுக்குப் போய் மனு கொடுத்தேன். "வீட்டு நாயோ தெரு நாயோ, வெசம் வச்சுக் கொன்னா அஞ்சு வருசம் வரைக்கும் உள்ள வைக்கலாம்மா," என்றார் ஏட்டு. "ஆனா வெசம்னு டாக்டர் எழுதித் தரணும். ஒங்க பேர நாங்க சொல்ல மாட்டோம். விசாரிக்க வந்தா, அவருக்கே தெரியாமலா போகும்?"

திரும்பி வந்தால் அம்மா வாசலில் நின்றாள், முகம் வெளிறி. எங்கள் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிப்பது வழக்கம். அந்த அன்பியத்துக்குத் தலைவரும் மரியராஜ்தான். கோயிலில் அம்மாவைப் பிடித்து, இந்த வாரம் உங்கள் முறை என்று சொல்லியிருக்கிறார்.

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானம்மா."

"எப்பிடிடி சொல்ல? சொன்னா ஏன்னு கேப்பாரு. டெய்சி, பேசாம அதக் கொண்டுபோய்ப் பொதச்சிருவோம். வாடக வீட்டுல இருந்துக்கிட்டு நமக்கெதுக்கு இது?"

நான் ஐஸ் வாங்கப் போனேன். ஞாயிறு மதியம், கடையில் மிச்சமிருந்தது ஒரு கூடைதான்.

ஆறரைக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். அம்மா கட்டுக்கட்டாக ஊதுபத்தி கொளுத்தியிருந்தாள். அதற்கு மேல் சாம்பிராணி வேறு.

"ஏத்தா வியாகுலம், சாமியார் கோயில்லயே இம்புட்டுப் பொக போட மாட்டாரே," என்று பென்ஷன் வாங்கும் சூசை தாத்தா இருமினார். "எங்கள மேல அனுப்பிட்டுத்தான் விடுவ போல."

எல்லோரும் சிரித்தார்கள். "கொசுண்ணே," என்றாள் அம்மா.

குளியலறைக் கதவு கூடத்தில்தான் இருக்கிறது. அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். மரியராஜ் எனக்கு நேரெதிரே சம்மணமிட்டார். சட்டையில் சந்தன சோப்பு மணம். அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். செபமாலையை அவை மெதுவாக, பொறுமையாக உருட்டின.

"எங்க, வாசல்ல நாயக் காணோம்?" என்றார்.

"நேத்து ராத்திரிலருந்து காணோம்ணே," என்றாள் அம்மா.

"அம்புட்டுத் தூரம் போற நாயில்லையே அது." என்னைப் பார்த்தார். "வீட்டுக்குள்ளயே நல்லாத் தேடிப் பாத்தியா, தாயி?"

"பாத்தேன் மாமா."

பாட்டு முடிந்து, வாசகம் முடிந்து, மன்றாட்டு வந்தது. ஒவ்வொருவராகச் சொன்னார்கள்: மகளுக்கு வரன், மழை, முட்டி வலி. மரியராஜ் கண்களை மூடிக்கொண்டார்.

"இந்தத் தெருவுல யாரும் யாரையும் காட்டிக்குடுக்காம, ஒத்துமையா இருக்க வேண்டுமென்று ஆண்டவரை மன்றாடுவோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றது கூட்டம். என் வாயும் சொன்னது. கண்ணைத் திறந்தபோது அவர் ஏற்கெனவே திறந்திருந்தார்.

செபமாலை பாதி போயிருக்கும். பாவாடைக்கு அடியில் ஏதோ குளிர்ந்தது. ஈர விரல் ஒன்று தோலைத் தடவுவது போல. கதவிடுக்கிலிருந்து தண்ணீர் கசிந்து, தரைச் சரிவில் மெல்ல நகர்ந்து வந்தது. பாயை இழுத்து அதன்மேல் போட்டு முழங்காலால் அழுத்தினேன். பாயும் நனைந்தது. பெட்டிக்குள் பவுனைச் சுற்றி இனி எவ்வளவு ஐஸ் இருக்கும் என்று நினைத்தபோது, 'அருள்நிறைந்த மரியே' செபம் பாதியில் எனக்கு மறந்துபோனது.

முடிந்ததும் அம்மா தட்டில் டீயும் மிக்சரும் கொண்டுவந்தாள். மரியராஜ் டம்ளரை எடுக்கவில்லை.

"என்ன இது தண்ணி?"

"கொடத்துல... கொடத்துலருந்து சிந்திருச்சுண்ணே."

"கொடம் அடுப்படியில இருக்கு. தண்ணி பாத்ரூம்லருந்துல்ல வருது? குழாயில வாசர் போயிருக்கும்."

"நாளைக்குப் பாத்துக்கலாம்ணே."

"நாளைக்கா? நாளைக்கு என்ன விசேசம்?" எழுந்து என் அருகே வந்து குந்தினார். உள்ளங்கையைத் தரையில் வைத்தார். அப்படியே வைத்திருந்தார். "குழாத் தண்ணி இம்புட்டு சில்லுன்னா இருக்கும்?"

சூசை தாத்தா மிக்சரை மெல்வதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். அம்மா தட்டைப் பிடித்தபடியே நின்றாள். என் முதுகுக்குப் பின்னால், கதவுக்கு அந்தப் பக்கம், ஐஸ் கட்டி ஒன்று உடைந்து தண்ணீரில் விழுந்தது.

மரியராஜ் ஈரக் கையை என் தோளில் வைத்தார். குரல் பரிவாகவே இருந்தது.

"செத்த நகரு தாயி. கதவத் தெறக்கணும்."