வீட்டில் ஆண்கள் இருக்கிறார்களா?

மாலை ஐந்தேகாலுக்கு வெர்னா பாலாஷ் அன்றைய இருபத்து மூன்றாவது எண்ணை அழுத்தினாள். மணி நான்கு முறை அடித்தது. ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கம். பாட்டுக் கருத்துக்கணிப்புல இருந்து பேசறேன். வீட்ல இருபத்தஞ்சுல இருந்து நாப்பத்துநாலு வயசுக்குள்ள ஆம்பளைங்க யாராவது இருக்காங்களா?"

"ஏன், பொம்பளைக்குக் காது இல்லையா?"

"எனக்கும் அதான் சந்தேகம். இருக்காங்களா?"

"இல்லை."

வெர்னா நன்றி சொல்லி வைத்தாள். சுவரில் ஒட்டியிருந்த விதித்தாள் அப்படித்தான் சொன்னது. 'பெண் எடுத்தால் ஆணைக் கேட்கவும். ஆண் இல்லையென்றால் நன்றி கூறி வைக்கவும். பெண்ணிடம் பாட்டைப் போட்டுக் காட்டக் கூடாது.' கடைசி வரிக்கு அடியில் யாரோ இரண்டு முறை கோடு போட்டிருந்தார்கள்.

அந்த அறையில் ஏழு மேஜை, ஏழு தொலைபேசி, ஏழு கேசட் பெட்டி, ஏழு பெண்கள். டொலிடோ நகரத்தில் பிப்ரவரி மாதம் இருட்டும் பனியுமாக ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் மட்டும் அளவுக்கு மீறி வேலை செய்ததால் எல்லாரும் காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கீழே, முதல் மாடியில், 'பிஸ்டன் 98' வானொலி நிலையம். மாடிப்படிச் சுவரில் ஆறடி உயர எழுத்தில் 'ஆம்பளைங்க கேக்குற ராக்' என்று எழுதியிருந்தது. அந்த ஆம்பளைகள் எதைக் கேட்க ஆசைப்படுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் இந்த ஏழு பெண்களின் வேலை. ஒவ்வொரு பாட்டிலும் ஏழு நொடித் துண்டைத் தொலைபேசியில் ஒலிக்கவிட்டு, பிடிக்கிறதா இல்லையா என்று கேட்டு, தாளில் குறிப்பார்கள்.

இருபத்து நான்காவது எண்ணில் ஓர் ஆண் எடுத்தான். பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம்.

"வயசா? முப்பத்தெட்டு. எவ்வளவு நேரம் ஆகும்?"

"பன்னெண்டு நிமிஷம் சார்."

"நான் பாத்திரத் தொட்டிக்கு அடியில படுத்திருக்கேன்மா, குழாய் பிச்சுக்கிச்சு. ஏய் பெக்கி, இந்தா, இதைப் பிடி. பாட்டு கேக்கறாங்க."

"சார், கருத்து உங்களோடதா இருக்கணும்."

"என்னோடதுதான். அவ சொல்லுவா."

வெர்னா தாளின் தலையில் 'ஆண், 38' என்று எழுதினாள். கேசட்டை அழுத்தினாள். பெக்கி முதல் துண்டு முடியும்முன்பே பேச ஆரம்பித்தாள்.

"இது அவருக்கு உசிரு. காருல இதான். எனக்கு வாந்தி வரும். எதை எழுதுவே?"

"தாள்ல ஒரு கட்டம்தான் இருக்கு."

"அப்ப பிடிக்கலைன்னு போடு."

வெர்னா போட்டாள். ஆறு வருடமாக இப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தாள். கார் ஆலையில் முதல் ஷிஃப்ட் முடிந்து வந்த ஆண்களில் ஒருவன் முகம் மழித்துக்கொண்டிருப்பான், ஒருவன் பனி அள்ளிக்கொண்டிருப்பான், ஒருவன் சோபாவில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருப்பான். தொலைபேசி கை மாறும். ஒருமுறை பக்கத்து மேஜை டாட்டி இதைப் பற்றி மேலதிகாரிகளிடம் கேட்டாள். 'தொலைபேசியை எடுத்தவர் ஆணா? அப்படியானால் ஆண்' என்று பதில் வந்தது. அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

இந்த வாரம் கேசட்டின் கடைசியில் பாட்டு இல்லாத இரண்டு துண்டுகள் இருந்தன. ஒன்று, காலை நிகழ்ச்சி நடத்தும் ஸ்பைக், டக் என்ற இருவர் மாமியாரைப் பற்றிச் சொல்லும் ஜோக். இன்னொன்று, மதிய நிகழ்ச்சி நடத்தும் கோரின் நோவாக், பனியில் கார் கதவு உறைந்துபோனால் என்ன செய்வது என்று சொல்வது. நூறு ஆண்களில் அறுபது பேருக்காவது கோரினின் குரல் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் முடிவு வந்ததற்கு அடுத்த திங்கட்கிழமையிலிருந்து மதிய நிகழ்ச்சி டல்லஸிலிருந்து செயற்கைக்கோள் வழியாக வரும். குரல், ஆண்குரல்.

எல்லாம் ஓர் இளஞ்சிவப்புப் பொட்டால் வந்தது.

கீழே ஸ்டூடியோவில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் அட்டை. பெண் பாடியதாக இருந்தால் அட்டையின் மூலையில் இளஞ்சிவப்புப் பொட்டு ஒட்டியிருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பொட்டு. இரண்டு பொட்டு அடுத்தடுத்து வரவே கூடாது. வந்தால் ஆண்கள் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார்கள் என்பது நிலையத்தின் ஆலோசகர் சிப் மெரிவெதர் கண்டுபிடித்த உண்மை. நாடு முழுக்க இருபத்தாறு நிலையங்களுக்கு அவர் இந்த உண்மையை விற்றிருந்தார். வெந்நீர்க் குழாயின் சூட்டில் கோந்து காய்ந்து, ஒரு பொட்டு அட்டையிலிருந்து கழன்று கோரினின் ஸ்வெட்டர் முழங்கையில் ஒட்டிக்கொண்டது. அவள் அதோடு வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கினாள். மறுநாள் பன்னிரண்டு நாற்பதுக்கு இரண்டு பெண்கள் அடுத்தடுத்துப் பாடிவிட்டார்கள். மெரிவெதர் அந்த வாரம் டொலிடோவில் இருந்தார். விமான நிலைய ஓட்டலில் பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டே வானொலியில் அதைக் கேட்டார்.

"ஊர்ல இருக்கற அத்தனை ஆம்பளையும் அந்த நிமிஷமே ஸ்டேஷன மாத்திருப்பான்" என்றார் கூட்டத்தில்.

"ஒருத்தரும் போன் பண்ணலையே" என்றார் நிகழ்ச்சி இயக்குநர் ஹாக்ஸ்ட்ரா.

"மாத்திட்டுப் போனவன் எப்படி போன் பண்ணுவான்?"

பதினோரு வருடத்துக்கு முன் கோரினை வேலைக்கு எடுத்தவர் ஹாக்ஸ்ட்ராதான். கருத்துக்கணிப்பில் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று மட்டும் முணுமுணுத்தார். கருத்துக்கணிப்பு என்றால் மெரிவெதர் மறுக்க முடியாது. அதில்தான் அவர் பிழைப்பு ஓடியது.

வெள்ளிக்கிழமை இடைவேளையில் கோரின் மாடிப்படியில் நின்று சிகரெட்டைப் பற்றவைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள். மறு கையில் நூல் கட்டிய ஓர் அட்டைப்பெட்டி. வெர்னா மேலிருந்து இறங்கி வந்தாள்.

"கையில என்னடி அது?"

"பூஞ்ச்கி. பேக்கரி வழியா வந்தேன். உங்களுக்கெல்லாம் சேத்து ஒரு டஜன்."

"எடுத்துட்டுப் போ. இந்த வாரம் உன் கையால நாங்க தண்ணி கூடக் குடிக்கக் கூடாது."

"லஞ்சம்னு நெனைக்கறியா? பிளம்ஸ் வச்சுப் பொரிச்ச பன்னு, வெர்னா."

"பிளம்ஸ்னா நிச்சயமா லஞ்சம்தான்."

கோரின் சிரித்தாள். பிறகு பெட்டியின் நூலை இழுத்துவிட்டபடி கேட்டாள். "எப்படிப் போகுது?"

"சொல்லக் கூடாது."

"தலையையாவது ஆட்டு."

"தலைய ஆட்டினா என் கழுத்து வலிக்கும். இங்க பாரு, நான் முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தேன். ஊர் ரகசியம் பூரா என் காது வழியாத்தான் போச்சு. ஒண்ணு கூட வாய் வழியா வரலை. உனக்காக ஒரு கட்டத்தை மாத்திப் போட மாட்டேன். உனக்கு எதிராவும் மாத்த மாட்டேன்."

"மாத்தச் சொல்லலை. இந்த வேலை போச்சுன்னா எனக்கு ஊர்ல வேற ராக் ஸ்டேஷன் கிடையாது. அந்தக் கல்யாணப் பாட்டு ஸ்டேஷன்ல மழை வருமா வராதான்னு வாசிக்கணும். அதுவும் சிரிச்ச குரல்ல."

"நீ சிரிச்சா நல்லாத்தான் இருக்கும்" என்றாள் வெர்னா. "சிகரெட்ட ஒண்ணு பத்தவை, இல்ல தூரப் போடு. பாக்கவே சகிக்கலை."

செவ்வாய்க்கிழமை, தவக்கால நோன்பு தொடங்குவதற்கு முந்தைய நாள். ஊரே நோன்புக்கு முன் கடைசியாகத் தின்னும் பூஞ்ச்கிக்காக பேக்கரி வாசலில் பனியில் வரிசை நின்றது. பன்னிரண்டே காலுக்கு வெர்னா நூறு தாள்களையும் ரப்பர் பட்டை போட்டு எடுத்துக்கொண்டு கூட்ட அறைக்குப் போனாள். அங்கே ஹாக்ஸ்ட்ரா இருந்தார், மெரிவெதர் இருந்தார், மூலையில் கென்னி இருந்தான். கென்னி அட்டையில் வெட்டிய ஆள். வயது முப்பத்து நான்கு, தலையில் தொப்பி, கையில் பீர். எந்த முடிவு எடுத்தாலும் 'கென்னிக்குப் பிடிக்குமா?' என்று கேட்க வேண்டும் என்பதற்காக டல்லஸில் உள்ள மெரிவெதரின் அலுவலகத்திலிருந்து அனுப்பி வைத்திருந்தார்கள். சூட்டில் கென்னிக்கு இடுப்பு மடங்கிப் போயிருந்தது. யாரோ அவன் மேல் கோட்டை மாட்டியிருந்தார்கள்.

கூட்ட அறைக்கும் ஸ்டூடியோவுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிதான். அந்தப் பக்கம் கோரின் காதில் ஹெட்போனோடு, ஒரு சைலன்ஸர் கடையின் விளம்பரத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

மெரிவெதர் கூட்டல் தாளைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஸ்பைக், டக்... முப்பத்தொண்ணு."

"நூத்துக்கு" என்றாள் வெர்னா, உதவியாக.

"கோரின்... எண்பத்து நாலு."

வெர்னா முதுகுக்குப் பின்னால் கண்ணாடியை நோக்கி எட்டு விரல்களை விரித்தாள். பிறகு நான்கு. அந்தப் பக்கம் சைலன்ஸர் கடையின் முகவரி பாதியில் நின்றது. மூன்று நொடி பிஸ்டன் 98-இல் எதுவுமே கேட்கவில்லை. அப்புறம் கோரின் அதே முகவரியை, ஏதோ பரிசு விழுந்த வீட்டின் முகவரி போல இரண்டு முறை வாசித்தாள்.

"இது எப்படி?" என்றார் மெரிவெதர். "எந்த மாதிரி ஆம்பளைங்க இவங்க?"

வெர்னா யோசித்தாள். கட்டத்தை மாற்றாதவள், கேட்ட கேள்விக்கும் மாற்றிச் சொல்ல விரும்பவில்லை.

"நல்ல ஆம்பளைங்க சார். ஆனா நூத்துல எழுபது பேரு போன பொண்டாட்டி கையில குடுத்துட்டாங்க. பதில் சொன்னது அவங்கதான். இந்த வாரம்னு இல்லை, ஆறு வருஷமாவே அப்படித்தான்."

ஹாக்ஸ்ட்ரா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். மெரிவெதர் ஒரு தாளை எடுத்துப் புரட்டினார். பின்பக்கமும் பார்த்தார்.

"அது எங்க எழுதியிருக்கு?"

"எழுத இடம் இல்லை சார். கட்டம் போட்டது உங்க ஆபீஸ்தான்."

"இங்க 'ஆண், 38'னு இருக்கு. இங்க 'ஆண், 29'. இதுவும் ஆண்." அவர் தாளை மேஜைமேல் வைத்துத் தடவினார். "அம்மா, தாள்ல இல்லாத விஷயத்தை நான் எடுத்துக்க முடியாது. அறிவியல்னு ஒண்ணு இருக்கு."

"சரி சார்."

மெரிவெதர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். டொலிடோ ஆணைப் பற்றி இதுவரை நாடு அறியாத ஒன்று தனக்குப் புலப்பட்டுவிட்டதாகச் சொன்னார். அவன் முரடன் அல்ல. அவனுக்குள் ஓர் ஆழம் இருக்கிறது. மாமியார் ஜோக் அவனைப் புண்படுத்துகிறது. இதை ஒரு கட்டுரையாக எழுதி அடுத்த மாநாட்டில் வாசிக்கப் போவதாகச் சொன்னார். பேசிய வேகத்தில் கென்னியின் தோளைத் தட்டினார். கென்னி கோட்டோடு கவிழ்ந்தான்.

கோரினின் வேலை நிலைத்தது. அன்று மதியம் மூன்றரைக்கு அவள் மூன்று டஜன் பூஞ்ச்கியோடு மேலே வந்தாள். ஏழு பேரும் சர்க்கரைத் தூளை மூக்கில் அப்பிக்கொண்டு தின்றார்கள். டாட்டி, வெர்னா சொல்லிக் கேட்டபடி, மெரிவெதர் மாதிரி ஜன்னலோரம் போய் நின்று, "அவனுக்குள்ள ஓர் ஆழம் இருக்கு" என்றாள்.

"எங்க வீட்ல இருக்கறவனோட ஆழம் எனக்குத் தெரியும்" என்றாள் கடைசி மேஜைக்காரி. "கரண்டிய விட்டாலே அடி தட்டும்." கோரினுக்குச் சிரித்துப் புரையேறியது. வெர்னா அவள் முதுகில் நான்கு தட்டுத் தட்டி, ஐந்தாவது தட்டைத் தடவலாக முடித்தாள்.

இரண்டு வாரம் கழித்து டல்லஸிலிருந்து இரண்டு உறைகளும் ஒரு பெட்டியும் வந்தன. முதல் உறை காலை நிகழ்ச்சிக்கு. ஸ்பைக்கும் டக்கும் ஆழமாகப் பேசப் பயிற்சி எடுக்க, நிலையத்தின் செலவில் ஒரு வாரம் ஃப்ளோரிடா போக வேண்டும். இரண்டாவது உறை ஸ்டூடியோவுக்கு. உள்ளே ஓர் இளஞ்சிவப்புப் பொட்டும் ஒரு குறிப்பும். மதிய அறிவிப்பாளரின் குரலும் பெண்குரல்தான் என்பதால், இனி அவள் பேசி முடித்த உடனே பெண் பாடிய பாட்டு வரக் கூடாது. நினைவுக்காகப் பொட்டை மைக்கில் ஒட்டவும்.

ஹாக்ஸ்ட்ரா கோரினின் முகத்தைப் பார்க்காமல் ஒட்டினார். "கோந்து நல்லா இல்லை. ரொம்ப நாள் தாங்காது" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

"என் ஸ்வெட்டர்ல நல்லாத்தான் ஒட்டிச்சு" என்றாள் கோரின்.

பெட்டி மேல்மாடிக்கு. கணிப்பு வெற்றிக்குப் பரிசாக ஏழு கறுப்பு டி-ஷர்ட்டுகள். மார்பில் மஞ்சள் எழுத்தில் 'ஆம்பளைங்க சொல்லிட்டாங்க'. எல்லாம் ஒரே அளவு, ஆண்களுக்கான எக்ஸ்ட்ரா லார்ஜ். மேஜை மேஜையாக எல்லாரும் தலைவழியே மாட்டினார்கள். கை முழங்கையைத் தாண்டியது. உயரத்தில் குட்டையான டாட்டிக்கு முழங்காலுக்குக் கீழே இறங்கியது. அவள் அப்படியே நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். கை தட்டினார்கள்.

மணி நான்கானது. உட்கார்ந்தார்கள். வெர்னா சட்டையின் கையை இரண்டு மடிப்பு மடித்துக்கொண்டு முதல் எண்ணை அழுத்தினாள்.

"வணக்கம். வீட்ல இருபத்தஞ்சுல இருந்து நாப்பத்துநாலு வயசுக்குள்ள ஆம்பளைங்க யாராவது இருக்காங்களா?"

எடுத்த பெண் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். ஒருவன் வந்து வாங்கினான். முப்பத்தாறு என்றான். பின்னால் தொலைக்காட்சியில் பந்தயம் ஓடியது. தொலைபேசி கை மாறும் உரசல் கேட்டது.

"அவருக்கு நேரமில்லையாம்" என்றாள் அந்தப் பெண். "நீ போடு, நான் சொல்றேன்."

வெர்னா பென்சிலை நாக்கில் தொட்டு, தாளின் தலையில் எழுதினாள். ஆண், 36.