போன மாத எண்

பதிவு அறையில் மூன்று பெண்கள் தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். நுரையீரல் நோய்க்கு அந்த ஆஸ்பத்திரியில் கொடுக்கும் புது மாத்திரை சிலருக்கு இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும். அதனால் மாதம் ஒரு ஈ.சி.ஜி. எடுத்து, அதிலுள்ள எண்ணைக் கணினியில் ஏற்ற வேண்டும். எண் 500-ஐத் தாண்டினால் மாத்திரையை நிறுத்துவார்கள். கோப்புகளில் பெயர் கிடையாது, நோயாளி எண் மட்டும்.

பாதிக் கோப்புகளில் ஈ.சி.ஜி. தாளே இருக்காது. எடுப்பதற்கு இருந்தது ஒரே ஆள். "காலியா விட்டா மேல இருந்து கேள்வி வரும். போன மாச நம்பரையே போட்டுடுங்கம்மா" என்பார் மேற்பார்வையாளர். மூவரில் மூத்தவளும் அப்படியே போட்டுவந்தாள்.

அன்று மதியம் சலவைப் பிரிவிலிருந்து ஆள் வந்தது. அங்கே வேலை செய்யும் மூத்தவளின் ஓரகத்தி, ஈரப் போர்வையை உதறும்போது மயங்கி விழுந்துவிட்டாளாம். ஓடினாள்.

"என்னக்கா பண்ணுது?"

"நெஞ்சு திடீர்னு எகிறுது, அப்புறம் நின்ன மாதிரி ஆயிடுது. அந்த நுரையீரல் மாத்திர ஆரம்பிச்சதுலேர்ந்துதான். டாக்டர்கிட்ட சொன்னேன். கம்ப்யூட்டரப் பாத்துட்டு, எல்லாம் நல்லாத்தான் இருக்கு, உனக்கு மனப்பிரமைன்னுட்டாரு."

"ஈ.சி.ஜி. எப்ப எடுத்தாங்க?"

"மொத மாசம். அதுக்கப்புறம் எவன் எடுத்தான்?"

ஓரகத்தியின் மருந்துச் சீட்டிலிருந்த நோயாளி எண்ணைக் கணினியில் தேடினாள். ஐந்து மாதமும் 412. பதிந்தவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

ஓரகத்தியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் ஈ.சி.ஜி. அறை வாசலை மறித்து நின்றாள். எடுக்காமல் நகரவில்லை. தாளில் 530 என்று வந்தது. பணியிலிருந்த மருத்துவர் உடனே மாத்திரையை நிறுத்தி, வார்டில் சேர்த்தார்.

"அந்த நம்பரப் போட்டது நான்தான்க்கா" என்றாள் கட்டிலருகே நின்று.

ஓரகத்தி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "பத்து தடவ துவைச்சா துணிகூட ஒரே மாதிரி இருக்காது. என் நெஞ்சு மட்டும் அஞ்சு மாசமா ஒரே மாதிரி அடிச்சுதாமா?" பிறகு கேட்டாள்: "உன்னப் போடச் சொன்னது யாரு?"

மறுநாள், மாதாமாதம் ஒரே எண் ஏறியிருந்த அறுபத்துமூன்று பேரின் பட்டியலை மேற்பார்வையாளர் மேசையில் வைத்தாள்.

"இதெல்லாம் யார் பதிஞ்சது?"

"போடச் சொன்னது நீங்கதானே சார்."

"எழுத்துல குடுத்தேனா?"

மாலைக்குள் வேலைநீக்க உத்தரவு வந்தது. பொய்த் தகவல் பதிந்த குற்றம். பட்டியலைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

வெளியே மாத்திரை கொடுக்கும் சன்னலில் வரிசை நின்றது. முன்னால் நின்றவரின் கையெல்லாம் காய்ந்த சிமெண்ட். நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஈ.சி.ஜி. எடுக்காம அத வாங்காதீங்க" என்றாள். காவலாளி அவள் முழங்கையைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினான்.

சன்னலுக்குள் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எல்லாம் சரியா இருக்கு" என்று அடுத்த மாதத்து மாத்திரை அட்டைகளை நகர்த்தினார். சிமெண்ட் கைகள் நீண்டு அவற்றை வாங்கிக்கொண்டன.