உள்புஞ்சைக் கம்பு

முத்துராமலிங்கத்துக்கு ஆண்டவன் வாயைக் கொடுத்தது சாப்பிடவும் வெற்றிலை போடவும் மட்டும்தான் என்று அவர் மனைவி செல்வலட்சுமி சொல்வாள். அதில் மிகை ஒன்றும் இல்லை. மாடு வாங்கினாலும் சொல்ல மாட்டார், காய்ச்சல் வந்தாலும் சொல்ல மாட்டார். அடுத்தவரிடம் ஒன்றைக் கேட்டுவிட்டால் தன் மூளை கொஞ்சம் குறைந்துபோகும் என்று தலை நரைத்த பிறகும் நம்பிக்கொண்டிருந்த மனிதர்.

திருச்சுழி ரோட்டை ஒட்டி மூன்று புஞ்சைகள், ஒன்றன்பின் ஒன்றாக. ரோட்டோரம் மருதுபாண்டியுடையது. நடுவில் தங்கத்தாயுடையது. கடைசியில், உள்ளே தள்ளி, முத்துராமலிங்கத்தின் நாலு ஏக்கர். அதற்கு ஒரு பக்கம் சோலார் கம்பெனிக்காரர்களின் கம்பி வேலி, மற்ற இரண்டு பக்கமும் வளைந்து போகும் ஓடை. வண்டிப் பாதை கிடையாது, வரப்பில் நடந்துதான் போக வேண்டும். அதனால் அங்கே ஒரு பழக்கம் உண்டு. மூன்று பேரும் ஒரே மழைக்கு ஒரே விதையைப் போடுவார்கள். கம்பு ஒன்றாக விளையும். அறுப்பு மிஷின் ரோட்டிலிருந்து இறங்கி மருதுபாண்டியின் கம்பை அறுத்து, அந்தத் தாள்மேலேயே ஏறித் தங்கத்தாய் புஞ்சைக்குப் போய், அங்கிருந்து கடைசிப் புஞ்சைக்கு வரும்.

இந்த ஐப்பசியில் முத்துராமலிங்கம் அதை மாற்றினார். மற்றதைவிட மூன்று வாரம் முந்தி விளையும் ரகம் ஒன்றைப் போனில் பார்த்தார். ஊருக்கு முந்திக் கம்பைச் சந்தைக்குக் கொண்டுபோனால் நல்ல விலை கிடைக்குமே என்று கணக்குப் போட்டார். முதல் பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போய் விதை வாங்கிவந்து, மற்றவர்கள் வாங்கிய விதையின் காலிப் பைக்குள் அதைக் கொட்டிக் கட்டினார். செல்வலட்சுமிக்கே தெரியாது என்றால் காரியத்தின் கச்சிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்கழிக் கடைசியில் கம்பு விளைந்தது. நல்ல விளைச்சல்தான். அதை முதலில் கண்டுபிடித்தவை குருவிகள். வழக்கமாக மூன்று புஞ்சைகளுக்கும் பிரிந்து போகிற குருவிகளும் கிளிகளும், அந்தப் பக்கத்தில் விளைந்து நின்ற ஒரே கம்புக்குக் குடும்பத்தோடு வந்து இறங்கின. முத்துராமலிங்கம் தகரத்தைத் தட்டிக்கொண்டு கிழக்கே ஓடினால் அவை மேற்கே உட்கார்ந்து சாப்பிட்டன.

சரி, அறுத்துவிடலாம் என்று மிஷின்காரருக்குப் போன் போட்டார். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஊர் ஊராக அறுக்கிற ஆள். அவர் ரோட்டில் நின்று பார்த்தார். முன்னால் இருந்த இரண்டு புஞ்சைகளிலும் கம்பு பச்சையாக, அப்போதுதான் பால் பிடித்து நின்றது.

"உங்க காடு எதுங்க?"

"அந்தா, அதுக்கு அங்கிட்டு."

"மிஷின் பறக்காதுங்களே" என்று சொல்லிவிட்டு அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் முத்துராமலிங்கத்துக்குத் தன் கணக்கில் இருந்த ஓட்டை தெரிந்தது. போன வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. இந்த வருஷம் வீட்டுக்கு வரப்போகிற ஒரே விளைச்சல் இந்தக் கம்புதான். சனிக்கிழமையிலிருந்து மழை என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். விளைந்த கதிர் தொடர்ந்து நனைந்தால் நின்ற இடத்திலேயே முளைத்துவிடும். கையால் அறுக்கலாமென்றால் ஆள் இல்லை, கூலிக்கு வருகிறவர்களை விடிவதற்குள் மில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

புதன்கிழமை, ஓடை வழியாக மிஷினைக் கொண்டுவர முடியுமா என்று மொபெட்டில் பார்க்கப் போனார். கரிசல் மண் ஈரம் காயாமல் கிடந்தது. வண்டி பாதிச் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. வரப்பில் வந்த மருதுபாண்டி எட்டிப் பார்த்தான்.

"என்ன மச்சான், வண்டியக் கழுவுறீகளா?"

"ஆமா மாப்ள."

"சேத்துல போட்டுக் கழுவுறத இப்பத்தான் பாக்கேன். ஒரு கை புடிக்கட்டுமா?"

"வேணாம், நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார், பொழுது சாயும் வரைக்கும். வீட்டுக்கு வந்தபோது சேற்றுக்குள் கண் மட்டும்தான் தெரிந்தது. செல்வலட்சுமி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வெளஞ்ச கம்பையும் பாத்தேன், திரும்பிப் போன மிஷினையும் பாத்தேன். தங்கத்தாயக்காகிட்டப் பாதை கேளுங்க."

"நிக்கிற பயிர அழிச்சு அவுக எதுக்கு எனக்குப் பாதை விடணும்?"

"கேட்டாத்தான தெரியும்? நீங்க போகலேன்னா நான் போறேன்."

பெண்டாட்டியை அனுப்பினான் என்ற பேர் வேறு வேண்டுமா? காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு அவரே கிளம்பினார்.

தங்கத்தாய் வரப்பில் நின்று மருதுபாண்டியோடு பேசிக்கொண்டிருந்தாள். அவன் டிராக்டரில் உட்கார்ந்திருந்தான். முத்துராமலிங்கம் பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார்.

"என்ன கொழுந்தனாரே, தொண்டையில முள்ளா?"

"இல்ல மதினி. கம்பு வெளஞ்சிருச்சு."

"அது குருவிக்கெல்லாம் தெரியுமே."

"மிஷின் உள்ள வரணும். ஒரு பாதை..."

"நான் எதுக்கு விடணும்?" என்றாள் தங்கத்தாய். "ஒங்க கம்பு நிக்கிறவரைக்கும் சுத்துப்பட்டிக் குருவி பூராம் ஒங்க காட்டுலதான் விருந்து சாப்புடுது. எங்க கதிர்ல ஒரு மணி குறையல. நீங்க அறுத்துட்டுப் போயிட்டா அம்புட்டும் இங்கிட்டுத்தான வரும்?"

அந்த மூளைக்கு இது எட்டியிருக்கவில்லை. ஊர்க் குருவிகளுக்கெல்லாம் தான் ஒருவராகச் சோறு போட்டு, அடுத்த இரண்டு புஞ்சைகளையும் காவல் காத்திருக்கிறார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"தப்புத்தான் மதினி. வேற ரகத்த வாங்கி வெதச்சேன். ஒருத்தருகிட்டயும் சொல்லல. இப்ப என்ன செய்யன்னு எனக்குத் தெரியல."

முத்துராமலிங்கம் வாயிலிருந்து 'தெரியல' என்ற சொல்லை அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. மருதுபாண்டி டிராக்டரை விட்டுக் கீழேயே இறங்கிவிட்டான். தங்கத்தாய்க்கும் மேற்கொண்டு கேலி செய்ய மனம் வரவில்லை.

"சரி, வாங்க. நடந்து பாப்பம்" என்றாள்.

மூன்று பேரும் நடந்தார்கள். வேலியை ஒட்டித் தங்கத்தாய் புஞ்சையில் சுக்கான் கல் நிறைந்த இடம், பயிர் முழங்காலுக்குமேல் ஏறவில்லை. "இத எடுத்துக்கங்க, எனக்கு நட்டமில்ல" என்றாள். ஆனால் ரோட்டிலிருந்து அதற்கு நேராக மிஷின் இறங்க முடியாது, பள்ளம். மருதுபாண்டி, மறுமூலையில் சரிவு கம்மி, அங்கே இறக்கித் தன் கம்புக்குள் குறுக்காகக் கொண்டுவரலாம், வரப்பை டிராக்டரால் தட்டிக் கொடுக்கிறேன் என்றான். அவ்வளவு தூரம் பச்சைக் கம்பை ஒரே நாளில் அறுப்பது யார் என்று மூவரும் முழித்தபோது, புருஷன் கேட்டாரா இல்லையா என்று பார்க்க வந்த செல்வலட்சுமி பின்னால் நின்றாள்.

"ஊர்ல மாடு வச்சிருக்கவுக பச்சைத் தட்டைக்கு அலையுறாகக்கா. அறுக்கிறவுகளுக்கே தட்டைன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நாளைக்கு நிக்க இடம் பத்தாது."

எல்லோரும் ஆளுக்கொன்று சொல்லிவிட்டார்கள். முத்துராமலிங்கம் மட்டும் பாக்கி. "பாதையில போற கம்புக்கு என் கம்ப அளந்து தாரேன். ஒங்க ரெண்டு பேரு காட்டையும் அறுக்கிறவரைக்கும் குருவி வெரட்டுறது என் பொறுப்பு" என்றார்.

"இது பேச்சு!" என்றான் மருதுபாண்டி.

வெள்ளிக்கிழமை விடியும்போதே பெண்கள் அரிவாளோடு வந்து வரிசையாக இறங்கிவிட்டார்கள். மதியத்துக்குள், நேராக இல்லாவிட்டாலும், மிஷின் போகிற அகலத்துக்கு ஒரு பாதை விழுந்தது. திரும்பி வந்த ஆத்தூர்க்காரர் அதைப் பார்த்துவிட்டு, "பறக்காமலே போலாம் போலிருக்குங்களே" என்றார். இருட்டுவதற்குள் கம்பு மருதுபாண்டியின் டிராக்டரில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை சொன்னபடி மழை கொட்டியது. முத்துராமலிங்கம் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை நிம்மதியாக அவர் மழையைக் கேட்டதே இல்லை.

மழை விட்டதும் குருவிகள் வந்தன. இரண்டு புஞ்சைக்கும் நடுவில் பரண் கட்டி முத்துராமலிங்கம் ஏறினார். அவர் தகரத்தை அடிப்பதும் "ஏய்! ஓய்! போ!" என்று அலறுவதும் ரோட்டில் போகிற பஸ் வரைக்கும் கேட்டது. ஆயுசு முழுக்கச் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் கிளிகளிடம் செலவழித்தார். ஒரு வாரத்தில் தொண்டை கட்டிக் காற்று மட்டும் வந்தது.

தங்கத்தாய் ஒரு செம்பில் வெந்நீர் கொண்டுவந்து பரணடியில் நின்றாள்.

"ஏன் கொழுந்தனாரே, வெதைக்கையில எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா இப்ப இம்புட்டுக் கத்த வேண்டாம்ல?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. கையை மட்டும் அவளுக்குப் பின்னால் நீட்டிக் காட்டினார். கிளிக்கூட்டம் ஒன்று பச்சையாக வந்து கதிர்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. தங்கத்தாய் செம்பைக் கீழே வைத்துவிட்டு, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, அவருக்கும் சேர்த்துக் கத்தத் தொடங்கினாள்.