மூன்று முறை உருண்ட கார்

எங்கள் படத்தில் நிஜமாக நடந்தது ஒன்றே ஒன்றுதான். பந்தயக் கார் தடுப்புச் சுவரில் மோதி மூன்று முறை உருண்டது. உள்ளே இருந்தவர் என் அக்கா புருஷன்.

அவர் ஸ்டண்ட் ஓட்டுநர். இடுப்பெலும்பு உடைந்து ஆறு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். படத்தின் எடிட்டரான நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒன்றைத்தான் கேட்டார்.

"மாப்ள, உள்ள இருந்தவனுக்கு வெளிய எப்படி இருந்துச்சுன்னு தெரியாது. தியேட்டர்ல முழுசா பாக்கணும். கத்திரி போட்டுடாத."

"ஒரு ஃபிரேம்கூட தொடமாட்டேன் மச்சான்," என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

தயாரிப்பாளர் பணத்தைத் தண்ணீராய் இறைத்தவர். "என்னய்யா இது, கார் ஊர்வலம் போற மாதிரி இருக்கு?" என்றார். வேகம் கூட்ட, மறுபேச்சு பேசாமல் இரண்டு ஃபிரேமுக்கு ஒன்றை உருவி எறிந்தேன். "ஹீரோ முகமே தெரியல" என்றார். கிராபிக்ஸ் ஆட்களைக் கூப்பிட்டுப் புழுதியைத் துடைத்து, மச்சான் முகம் இருந்த இடத்தில் கதாநாயகன் முகத்தை ஒட்டவைத்தேன். அவ்வளவு கனமான கார் பொம்மை மாதிரி துள்ளியது. எனக்கே தெரிந்தது. என் பிழைப்பு முக்கியம் என்று வாயை மூடிக்கொண்டேன், வேறென்ன?

முதல் காட்சிக்கு மச்சான் புதுச்சட்டை போட்டு, ஊன்றுகோலோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இடைவேளைக்கு முன்பே பாதி அரங்கம் செல்போனைத் தடவ ஆரம்பித்துவிட்டது. அப்புறம் அந்தக் காட்சி வந்தது. கார் உருண்டது. அரங்கமே சிரித்தது. "வீடியோ கேம்டா டேய்!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். மச்சானும் சேர்ந்து சிரித்தார்.

படம் முடிந்து அவரைக் கைத்தாங்கலாகப் படியிறக்கினேன். வாசலில் யாரோ ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு எங்கள் படத்தைக் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, என் ஷாட்ட தூக்கிட்டீங்களா?"

நீங்கள் பார்த்ததே அதுதான் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"ஆமா மச்சான். நீளம் ஜாஸ்தியாயிடுச்சு."

அவர் முகம் வாடிவிட்டது. இரண்டு படி இறங்கினார். பிறகு என்னைத் தேற்றுகிற மாதிரி முதுகில் தட்டினார்.

"விடு மாப்ள, நல்லதாப்போச்சு. அந்த பொம்ம காரப் பாத்து சிரிச்ச மாதிரி என்னோடதப் பாத்தும் சிரிச்சிருந்தா, என்னால தாங்கியிருக்க முடியாது."

இன்னும் நாலு படி இருந்தது. என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.