ரேகை தேய்ந்தவரின் துப்பாக்கி

யாரையும் சுட வேண்டும் என்று பாலிஷ்காரருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. கதவுக் கைப்பிடி, குழாய், மாடிப்படிக் கம்பி, எதைக் கொடுத்தாலும் முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்துக் கொடுக்கிற மனுஷன். அவர் போய் ஒரு துப்பாக்கிமேல் ஆசைப்பட்டார் என்றால், பழி பழம்பொருள் கடைக்காரரைச் சேரும். கண்ணாடிப் பெட்டிக்குள் அதைப் படுக்கவைத்து விளக்கும் போட்டவர் அவர்தான்.

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கைத்துப்பாக்கி. அதற்கான தோட்டாவைச் செய்வதையே உலகம் நிறுத்தியாயிற்று. ஆனால் அதன் குழலில் இருந்த பாலிஷை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் தேய்த்த தடம் தெரியவில்லை. அந்தக் காலத்தில் எவனோ கையாலேயே செய்திருக்கிறான். எப்படிச் செய்தான் என்று தெரியாமல் பாலிஷ்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

“லைசென்ஸ் கொண்டாங்க, எடுத்துக்குங்க. வருஷக் கடைசி வரைக்கும் உங்களுக்காக வச்சிருப்பேன். அதுக்கு மேல முடியாது, இன்னொருத்தர் கேட்டுட்டே இருக்கார்” என்றார் கடைக்காரர்.

லைசென்ஸ் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா இருந்தார். கோபமே வராதவர். அதனால்தான் அவரிடம் போனவர்களுக்கெல்லாம் கோபம் வந்தது.

“என்ன நோக்கம்?”

“பாக்கறதுக்குங்க.”

“யாரை?”

“துப்பாக்கியத்தான்.”

“சுட இல்லையா?”

“அதுக்குத் தோட்டாவே கிடையாதே சார்.”

“தோட்டா இல்லாதது உங்க பிரச்சினை. துப்பாக்கி இருக்கறது எங்க பிரச்சினை” என்றார் குமாஸ்தா.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். துப்பாக்கி ஆள்வாரா என்பது பற்றிப் பழமொழி வாய் திறக்கவில்லை. பாலிஷ்காரர் நடையாய் நடந்தார். நன்னடத்தைச் சான்று வாங்கினார். மனநல மருத்துவர் “கோபம் வருமா?” என்று கேட்டதற்கு, “உப்புத்தாள் மட்டமா வந்தா வரும்” என்று உண்மையைச் சொன்னார். இரும்பு அலமாரி வாங்கிச் சுவரோடு போல்ட் போட்டார். ஆய்வாளர் வந்து அதை இரண்டு கையாலும் உலுக்கிப் பார்த்து, அது அசையாததில் கொஞ்சம் ஏமாந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

எல்லாம் முடிந்து கைரேகைக்கு வந்தபோது மெஷின் சிவப்பு விளக்குக் காட்டியது. குமாஸ்தா மெஷினின் கண்ணாடியைத் துடைத்தார், பாலிஷ்காரர் விரலையும் துடைத்தார். மறுபடியும் சிவப்பு.

“உங்களுக்கு ரேகையே இல்லையே சார். எங்க போச்சு?”

“ஊர்ல இருக்கற கதவுலதான்” என்றார் பாலிஷ்காரர்.

“வேலைய நிறுத்திட்டுக் கொஞ்ச வாரம் சும்மா இருங்க, வளந்துடும். ஆனா அடுத்த தடவையும் விழலேன்னா, ஆறு மாசம் கழிச்சுத்தான் மறுபடி வைக்கலாம்.”

சும்மா இருப்பது அவருக்குத் தெரியாத வேலை. கல்யாணமான நாளிலிருந்து, சாப்பாடு ஆறி, மனைவி தூங்கி வழிகிற நேரத்துக்குத்தான் வீடு திரும்பிப் பழக்கம். இப்போது பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். மனைவி தினமும் அவர் விரல்களுக்கு எண்ணெய் தடவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள்.

“சுண்டு விரல்ல வந்துடுச்சுங்க.”

சாயங்காலம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தார்கள். அண்டை வீட்டைப் பற்றிப் பேசினார்கள், ஒன்றும் இல்லாதபோது ஒன்றும் இல்லாததைப் பற்றிப் பேசினார்கள். அவளுக்கு அது அழுகை வருகிற அளவுக்குப் பிடித்திருந்தது. ரேகை வளர்ந்துவிட்டால் பட்டறைக்குப் போய்விடுவாரே என்று பயமாகவும் இருந்தது. இருந்தாலும் எண்ணெயைக் குறைக்கவில்லை.

ரேகை வைக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள், அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். தனியாக இருந்த பாலிஷ்காரர் அலமாரியைப் பார்த்தார். கைப்பிடியில் ஓரமாக ஒரு சொரசொரப்பு. இவ்வளவு நாள் எப்படிக் கண்ணில் படாமல் போனது?

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது கைப்பிடியில் அவள் முகம் தெரிந்தது. பக்கத்தில் உப்புத்தாள் கிடந்தது. அவள் அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள். சுண்டு விரல் உட்பட எதிலும் ஒன்றும் மிச்சமில்லை.

“லேசாத்தான் தேய்ச்சேன்” என்றார்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். மறுநாள் மெஷின் அதையே சிவப்பில் சொன்னது.

பாலிஷ்காரர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். “அவ்வளவுதான், ஆறு மாசம்னா வருஷம் தாண்டிடும். அது இன்னொருத்தர் வீட்டுக்குப் போயிடும்” என்றார். கைக்கு எட்டியது கையாலேயே கெட்டது. கூட வந்திருந்த மனைவி அவரைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், போய்த் தன் விரலை அதில் வைத்தாள். பச்சை.

“என் பேர்ல போட முடியுமாங்க?”

“போடலாம்மா. அலமாரிதான் பாஸ் ஆயிடுச்சே. மத்த சான்றெல்லாம் இன்னிக்கே எழுதிக் குடுத்தா வருஷக் கடைசிக்குள்ள வந்துடும். ஆனா சாவி உங்ககிட்டதான் இருக்கணும். நீங்க பக்கத்துல இல்லாம சார் அதைத் தொடவே கூடாது.” குமாஸ்தா பேனாவை எடுத்தார். “என்ன நோக்கம்?”

அவள் திரும்பி ஒருமுறை பெஞ்சைப் பார்த்தாள்.

“இவரு பொழுதோட வீட்டுக்கு வர்றதுக்கு.”

குமாஸ்தா அந்தப் பதிலுக்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்று படிவத்தில் தேடினார். அவர் வேலையில் அப்படி நடப்பது அபூர்வம். “சேகரிப்புன்னு போட்டுக்கறேம்மா” என்றார்.

வருஷம் முடிவதற்குள் துப்பாக்கி வீட்டுக்கு வந்தது. ஆறு மணிக்குத் திறப்பேன், ஏழு மணிக்குப் பூட்டிவிடுவேன் என்று மனைவி சொல்லிவிட்டாள். முதல் நாளே அவர் எட்டு மணிக்கு வந்து நின்றார்.

“சட்டம்னா சட்டம்தாங்க” என்றாள். எந்தச் சட்டத்திலும் அது இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து பட்டறை ஐந்தரைக்கே மூடியது. வாடிக்கையாளர்கள் புலம்பினார்கள். அவர் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்படித் தேய்த்தான் என்பது இன்றுவரை பிடிபடவில்லை.

ஒரு நாள் பாலிஷ்காரர் டீ குடித்துக்கொண்டே, அண்டை வீட்டுக்காரர் கார் பழகுகிற கதையை மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தாள்.

“என்னங்க, ஏழாகப் போகுது. இன்னிக்கு இன்னும் திறக்கவே இல்லையே.”

அவரும் கடிகாரத்தைப் பார்த்தார். “இருக்கட்டும், எங்க போயிடப்போகுது? நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று டம்ளரை நீட்டினார்.

அவள் டீயை ஊற்றினாள்.

“நாளைக்கும் ஆறு மணிதான்” என்றாள்.