டேப் படிக்கப் போனவள்

டோங்கா நாட்டுத் தலைநகர் நுக்குவாலோஃபாவிலிருந்து வெளித்தீவுகளுக்குக் கப்பல் விடும் அந்த நிறுவனத்தில், கணினிப் பிரிவு முழுக்க ஒரே பரபரப்பு. தகவலைச் சேமிக்கும் வித்தையைப் படிக்க ஆக்லாந்துக்கு ஆட்களை அனுப்பப் போகிறார்கள். இணையத்தில் ஏற்றிவைக்கும் கிளவுட், டிஸ்க், காந்த நாடாவில் பதியும் டேப் என்று மூன்று வகுப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் இடம்.

அங்கே வேலை பார்க்கும் லெசியேலிக்குச் சந்தேகமே இல்லை, கிளவுட்தான். மற்றவர்களுக்கும் அதில்தான் கண்.

"டேப்பா? அதுல பாட்டு கேக்கலாம்ல?" என்றான் பக்கத்து மேசை விலியாமி. லெசியேலியும் சேர்ந்து சிரித்தாள்.

புதன்கிழமை மாலை டோக்கிலுபே அத்தை லெசியேலியின் வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் அக்கா. அவள் சொல்லுக்கு அந்தக் குடும்பத்தில் மறுசொல் கிடையாது. அவள் உள்ளே நுழைந்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். அக்காவுக்குத் தம்பி காட்டும் அந்த ஊர் மரியாதை அது, கொஞ்சம் தப்பித்தலும்கூட.

"ஏண்டி, இந்த போன் ஒரு வாரமா 'இடம் இல்ல, இடம் இல்ல'ன்னு உயிரை வாங்குது. நீ கம்ப்யூட்டர்காரிதானே, ஏதாவது பண்ணு."

உள்ளே ஏழாயிரம் படங்கள். பாதி சர்ச் பாடகர் குழு, மீதி சாப்பாடும் பூனையும். லெசியேலி எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றினாள். ஆக்லாந்தில் இருக்கும் சின்ன அத்தை வாயோலாவும் பார்க்கட்டும் என்று இன்னொரு பொத்தானையும் அழுத்தினாள்.

"அவங்க அங்க இருந்தே பாத்துக்குவாங்க அத்தை. இதைத்தான் நான் படிக்கப் போறேன்."

அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை வாயோலா ஆக்லாந்திலிருந்து அக்காவைக் கூப்பிட்டுக் கத்தினாள். தான் ஊரைவிட்டுப் போகும்போது, போதகர் மகள் கல்யாணத்தில் கொடுத்துவிடு என்று சீராகத் தரும் விலைமதிப்பான நுண்பாய் ஒன்றை அக்காவிடம் ஒப்படைத்திருந்தாள். கொடுத்தாயிற்று என்று டோக்கிலுபே சத்தியமே செய்திருந்தாள். இப்போது ஒரு படத்தில், டோக்கிலுபேயின் கட்டிலுக்கடியில் பூனை குட்டி போட்டிருந்தது. குட்டிகளுக்குப் பின்னால் அதே பாய்.

அரை மணி நேரத்தில் டோக்கிலுபே லெசியேலியின் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"அழி! இப்பவே அழி!"

"அழிச்சுட்டேன் அத்தை. ஆனா சின்ன அத்தை எடுத்து வெச்சிருந்தா..."

"வெச்சிருக்கா. குடும்பம் முழுக்க அனுப்பியும் விட்டுட்டா. இது என்ன படிப்புடி, ஊர் வாயைவிட மோசமா இருக்கு! யாரும் எட்டிப் பாக்க முடியாதது ஒண்ணுகூட இல்லையா?"

விலியாமி சிரிப்பை மறைக்க மேசைக்கடியில் எதையோ தேடினான். பதற்றத்தில் லெசியேலி உண்மையைச் சொல்லித் தொலைத்தாள்.

"டேப் இருக்கு. பதிஞ்சு முடிச்சதும் கழட்டி பீரோல வெச்சுடலாம். இன்டர்நெட்டுக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல."

"பூட்டலாமா?"

"பூட்டலாம்."

"அதைப் படி."

அவ்வளவுதான். லெசியேலி கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு மேலாளர் சியாவோசியின் முன்னால் போய் நின்றாள்.

"டேப்பா? யார் சொன்னா?"

"அத்தை, சார்."

சியாவோசிக்கும் அத்தைகள் உண்டு. படிவத்தை எடுத்து அவள் பெயரை எழுதினார்.

"கிளவுடுக்கு எல்லாரும் அடிச்சுக்கிறாங்க. டேப்புக்கு உன்னை விட்டா ஆளே இல்ல. திங்கக்கிழமை கிளம்பு."

ஆக்லாந்து வகுப்பறையில் புது ரக டேப் இயந்திரம் பழக வந்தவர்கள் பதினோரு பேர், பதினோரு நரைத்த தலைகள். அவள் கதவைத் திறந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கிளவுட் வகுப்பு மேல் மாடிம்மா," என்றார் ஒருவர்.

"நான் டேப்புக்குத்தான் வந்திருக்கேன்."

பதினோரு பேரும் கை தட்டினார்கள். ஒரு பெரியவருக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது.

"நாங்க எல்லாரும் ஓய்வு பெறப் போறோம்மா. அத்தனை டேப்பையும் யார் கையில குடுக்கறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தோம்."

வாரம் முடிவதற்குள் ஒரு வங்கி, ஒரு தொலைக்காட்சி நிலையம், ஒரு பல்கலைக்கழகம் என்று மூன்று இடங்களிலிருந்து அவளுக்கு வேலை காத்திருந்தது. செய்தி சியாவோசியின் காதுக்கு எட்டியது. அவர் அவசரமாக அவளுக்குத் தனி அறையும் பதவி உயர்வும் தந்து ஊருக்கே திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்.

உண்மையில் லெசியேலிக்கு டேப் மிகவும் பிடித்துப்போயிருந்தது. அதை அத்தையிடம் மட்டும் அவள் சொல்லவேயில்லை; சொன்னால் அடுத்த முடிவையும் அத்தையே எடுத்துவிடுவாள்.