கழித்த படத்தில் நெவிலின் சிறுநீரகம்

நெவில் பாஸ்கோவுக்கு இருந்தது ஒரே சிறுநீரகம். இன்னொன்றைப் பதினெட்டு வருஷம் முன்னால் ப்ரோக்கன் ஹில் சுரங்கத்தில் சரிந்த பாறை நசுக்கிவிட்டது. மிஞ்சியதன் நட்டநடுவில் இப்போது எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. புற்று என்றால் சிறுநீரகத்தையே எடுக்க வேண்டும். அப்புறம் ஆயுசுக்கும் டயாலிசிஸ்தான். உள்ளே கசிந்து உறைந்த பழைய ரத்தம் என்றால் பயமில்லை.

ஸ்கேன் எடுத்த ரோவீனாவும் சுரங்கக்காரர் மகள்தான். உறைந்த பழைய ரத்தமும் வளர்கிற சதையும் படத்தில் ஒன்றுபோல வெள்ளையாகத் தெரியும். அதனால், ரத்தத்தோடு ஓடி வெளிச்சம் காட்டும் மருந்தை ஏற்றுமுன் ஒரு படம், ஏற்றியபின் ஒரு படம். பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால், ரத்தம் ஓடுகிற இடம் மட்டும் வெளிச்சமாக மிஞ்சும், உறைந்தது கறுத்துவிடும்.

கழித்த படத்தில் கட்டியின் ஓரம் பிறைபோல வெளுத்திருந்தது.

அடிலெய்டிலிருந்து படம் பார்த்த டாக்டர் பெட்ரூ போனில் சொன்னார்: "விளிம்புல உயிர் இருக்கு ரோவீனா. ஆபரேஷனுக்குத்தான் எழுதணும்."

"ஈரல் ஓரத்துலயும் அதே பிறை இருக்கு டாக்டர். அங்க ஏது கட்டி? கொஞ்சம் பொறுங்க."

நெவில் உடை மாற்றிக்கொண்டு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். ரோவீனா அவரிடம் போனாள்.

"மூச்ச வெளிய விட்டுட்டு நிறுத்துங்கன்னேன்ல நெவில். முதல் தடவை என்ன செஞ்சீங்க?"

"நெஞ்சு முட்ட இழுத்துப் புடிச்சேன். அடக்குறதுன்னா எவனாச்சும் வெளிய விட்டுட்டு அடக்குவானா கண்ணு? புழுதி கெளம்புறப்ப அப்படி நின்னிருந்தா எப்பவோ போய்ச் சேந்திருப்பேன்."

"மருந்து ஏத்துனப்புறம்?"

"கை சில்லுன்னு ஆச்சா, பயந்துட்டேன். அப்ப நீ சொன்னபடி செஞ்சேன்."

"எங்கப்பாவும் இதே ரகம். பயந்தாத்தான் காது கேக்கும்."

மருந்து ஓடிய உடம்பில் அன்றைக்கு முதல் படத்தை மறுபடி எடுக்க வழியில்லை. மூச்சு நிறைந்த முதல் படத்தில் சிறுநீரகம் இரண்டு விரல் கீழே இறங்கி, லேசாகச் சாய்ந்துமிருந்தது; அந்த விலகல்தான் பிறையாகத் தெரிந்திருக்க வேண்டும். முதுகெலும்பு அசையவில்லை; இரண்டு படமும் அதை வைத்தே பொருந்தியிருந்தன. அது கோணினால் கோணட்டும் என்று விட்டுவிட்டு, சிறுநீரகத்தின் விளிம்பை விளிம்போடு சேர்த்தாள். முதல் ஸ்கேனின் எழுபது அடுக்குப் படங்களையும் ஒவ்வொன்றாய் மேலே நகர்த்தி, திருப்பி, பொருத்தினாள். பிறகு கழித்தாள்.

அவள் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது.

பெரிய ரத்தநாளம் பிரிந்து, பிரிந்ததெல்லாம் மறுபடி பிரிந்து, மயிரிழையாகிச் சிறுநீரகம் முழுக்க ஒளி ஏறியிருந்தது. நடுவில் கட்டி மட்டும் கும்மிருட்டு. அதன் ஓரத்தில் பிறை இல்லை.

அவள் அனுப்பிய படத்தைப் பெட்ரூ பெரிதாக்கிப் பார்த்தார். "ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. பழைய ரத்தம்தான். கத்தி வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு இன்னொருக்கா பாக்கலாம், அவர்கிட்டச் சொல்லிடு."

ரோவீனா நெவிலை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

"இது யாரு?"

"நீங்கதான். அந்தக் கறுப்பு, பழைய ரத்தம். ஆபரேஷன் வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

அவர் தலையாட்டினார். கண் மட்டும் திரையை விட்டு வரவில்லை. காய்த்துப்போன விரலைக் கண்ணாடியில் படாமல் நாளத்தின் மேலாக நகர்த்திக்கொண்டே போனார்.

"நான் பாட்டுக்குத் தூங்குறப்பவும் இதெல்லாம் ஓடிட்டிருக்குமா?"

"ஓடிட்டுத்தான் இருக்கும்."

நெவில் ஸ்டூலைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.